இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்து மாளிகை ஒன்றைக் காட்டும் டவுன்டன் ஆபி தொலைக்காட்சித் தொடரில் பணியாளர்கள் நற்சான்றுக் கடிதத்தை நினைத்து ஏன் அவ்வளவு அஞ்சுகிறார்கள்?

பணிப்பெண் எதெல் வேலை இழக்கும் காட்சியைப் பார்த்த பலர், அவள் வேறொரு மாளிகையில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். அக்கால இங்கிலாந்தில் நல்ல வீடு ஒன்றில் பணிப்பெண்ணாகச் சேர, முந்தைய எசமானர் தரும் நடத்தைச் சான்று பெரும்பாலும் இன்றியமையாததாக இருந்தது. ஆனால் அதை எழுதித் தர வேண்டிய சட்டக் கடமை எசமானருக்கு இல்லை என்று 1800ஆம் ஆண்டிலேயே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பொய்ச் சான்று கொடுப்பதோ 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பவுண்டு அபராதத்துக்குரிய குற்றம். வீட்டோடு தங்கி உழைப்பவர் என்பதால், வேலை போன அன்றே படுக்கையும் சாப்பாடும் சேர்ந்து போய்விடும். சான்றின்றி வெளியேற்றப்பட்ட எதெல், கைக்குழந்தையுடன் பட்ட துன்பங்களுக்குப் பின் பாலியல் தொழிலில் போய் நிற்பது மிகைப்படுத்தல் அல்ல.

மூன்றாம் பருவத்தின் இறுதியில், சீமாட்டியின் பணிப்பெண் ஓபிரையனின் தூண்டுதலால் இளம் பணியாள் ஜிம்மி, வேலையை விட்டு அனுப்பப்படவிருக்கும் சக பணியாள் தாமஸுக்கு நற்சான்று தரக்கூடாது என்று தலைமைப் பணியாளர் கார்சனை நெருக்கும்போதும் இதே ஆயுதம்தான் பயன்படுகிறது. பல ஆண்டு உழைப்பு ஒரே தாளில் தொங்குகிறது. தாமஸைக் காப்பாற்றுவது உரிமை அல்ல, இன்னொரு பணியாளரான பேட்ஸின் தலையீடும் மாளிகையின் எசமானர் கிரந்தம் பிரபுவின் இரக்கமும்தான். கிரந்தம் பிரபுவை நல்லவராகக் காட்டும் ஆர்வத்தில் தொடர் உரிமைக்கும் இரக்கத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மங்கலாக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

இந்தப் பிடியிலிருந்து உண்மையாகவே விலகுபவள் மற்றொரு பணிப்பெண்ணான க்வென். தட்டச்சு கற்று, தொலைபேசி நிறுவனத்தில் செயலாளர் வேலைக்குப் போகும் அவளுக்கு, இனி எந்த மாளிகையின் நற்சான்றும் தேவையில்லை.