தாமதமாகத் திரும்பும் குரலும் குழறும் நாக்கும்

வணக்கம். ஹெட்போனில் பாட்டு உரக்க ஓடும்போது என் குரல் எனக்கே கேட்பதில்லை. ஆனாலும் தடங்கலின்றிப் பேசுகிறேன். இணையவழிக் கூட்டத்தில் என் குரல் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தால் மட்டும் நாக்கு குழறுகிறது. கேட்காதபோது வராத சிக்கல் கேட்கும்போது ஏன் வருகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இயல்பான பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகள் வருகின்றன. ஓர் அசைக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி. காது ஒரு பிசகைக் கண்டு, திருத்தம் தொண்டையை எட்டவே 100 முதல் 150 மில்லி விநாடி ஆகிவிடும். அதற்குள் அசை முடியப்போகிறது. காதை நம்பிக் காத்திருந்தால் பேச்சு நகராது.

அதனால் மூளை முந்திக்கொள்கிறது. நாக்குக்கும் குரல்வளைக்கும் கட்டளை போகும்போதே, ‘இந்தக் கணத்தில் இந்த ஒலி வரும்’ என்ற எதிர்பார்ப்பு கேட்டல் பகுதிக்கும் போய்விடுகிறது. வந்த ஒலி அதனோடு பொருந்தினால் அப்பகுதி அடக்கமாகவே எதிர்வினை காட்டும். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியில் இது தெளிவாகத் தெரிகிறது: ஒலி தொடங்கி சுமார் 100 மில்லி விநாடியில் எழும் அலை, பேசும்போது சிறியது, அதே குரலைப் பதிவுசெய்து கேட்கவைத்தால் பெரியது.

இனி உங்கள் கேள்வி. இசை குரலை மூடிவிட்டால் ஒப்பிட ஒலியே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. பழகிய கட்டளைகள் தம்போக்கில் ஓடுகின்றன. குரல் மட்டும் தானாக உயரும் (லோம்பார் விளைவு). தாமதக் குரல் அப்படியன்று. இந்த அசையை எதிர்பார்க்கும் நேரத்தில் முந்தைய அசை வந்து விழுகிறது. ஒவ்வொரு அசைக்கும் ஒரு பிழைச் செய்தி! உயிரொலி நீள்கிறது, அசை திரும்ப வருகிறது, குரல் ஓங்குகிறது. ஓர் அசையின் அளவான 200 மில்லி விநாடித் தாமதத்தில்தான் தொல்லை உச்சம். பெர்னார்ட் லீ 1950-லேயே இதைப் பதிவுசெய்தார்.

என்னை மிகவும் ஈர்ப்பது 1998-இல் ஜான் ஹௌட், மைக்கேல் ஜோர்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனை. கிசுகிசுத்துப் பேசுபவரின் உயிரொலியைக் கணினி சிறிது சிறிதாக மாற்றி அவர் காதுக்கே அனுப்பியது. பேசியவர்கள் எதிர்த்திசையில் உச்சரிப்பை மாற்றிக்கொண்டார்கள். பிறகு இரைச்சலால் காதை மறைத்தபோதும் அந்த மாற்றம் நீடித்தது. அப்படியானால் பிழைச் செய்தி அந்நேரத் திருத்தத்தோடு நிற்பதில்லை. அடுத்த கட்டளையையே திருத்தி எழுதுகிறது. வளர்ந்தபின் கேட்கும் திறனை இழந்தவர்களின் பேச்சு நெடுங்காலம் புரியும்படி இருப்பதும் சேமித்துவைத்த கட்டளைகளால்தான். உரப்பும் சுருதியும் மட்டும் சீக்கிரம் தடுமாறும். அவற்றுக்குக் காதின் துணை அடிக்கடி வேண்டும்.

அச்சோதனையில் கண்ட திருத்தம் முழுமையாக இருப்பதில்லை. தாடைக்கும் நாக்குக்கும் தொடுவுணர்வு சார்ந்த தனி எதிர்பார்ப்பு உண்டு. காதுக்குச் சரியாக ஒலிக்கவென்று அவை ஒரேயடியாக நகர்ந்தால் அந்த எதிர்பார்ப்பு பிசகும்.

கூட்டத்தில் திரும்பும் குரல் பெரும்பாலும் எதிர்முனையில் பிறக்கிறது: அங்குள்ள ஸ்பீக்கர் ஒலியை அங்குள்ள மைக்கே பிடித்து அனுப்புகிறது. அவரை ஹெட்போன் போடச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் பேசும்போது மைக்கை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் முடியாதபோது, பேசும் நேரத்தில் மட்டும் உங்கள் ஹெட்போன் ஒலியைக் குறையுங்கள். தாமதக் குரல் மங்கும். எலும்பு வழியே உடனடியாக வரும் உங்கள் குரல் அப்படியே இருக்கும்.