காசு கம்மியா இருக்கு, ஹோம் ரெக்கார்டிங்குக்கு மைக் மாத்தணுமா, இன்டர்ஃபேஸ் (மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) மாத்தணுமா?

ரெண்டுக்கும் முன்னாடி, இப்ப இருக்கிற செட்டப்லயே ஒரு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி ஹெட்போன்ல கேளுங்க. குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி எதிரொலிச்சா அது ரூமோட பிரச்சனை, சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற காஸ்ட்லி கண்டென்சர் மைக் வாங்கினா அந்த எதிரொலியையும் இன்னும் தெளிவா பிடிச்சுக் கொடுக்கும், அவ்வளவுதான். சுத்தி கனமான போர்வை தொங்கவிட்டு மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துல வைங்க, நிச்சயமா வித்தியாசம் தெரியும்.

ஃபேனெல்லாம் அணைச்சும் 'உஸ்ஸ்'னு இரைச்சல், அதுவும் கெயினை (மைக் சிக்னலைப் பெருக்குற அளவு) கடைசி வரைக்கும் ஏத்துறப்ப மட்டும் வருதுன்னா அப்ப இன்டர்ஃபேஸ் மாத்தலாம். ஷூர் எஸ்எம்7பி மாதிரி, சிக்னல் கம்மியா தர்ற டைனமிக் மைக்குக்கு சுமார் 60 டெசிபல் கெயின் வேணும், சின்ன இன்டர்ஃபேஸ் பலதும் அங்க திணறும். 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்னு (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்குதுங்கிற கணக்கு) வர்ற விளம்பரத்துக்கு மயங்காதீங்க, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸே தாராளம்.