அப்போது அவளுக்கு மணி மூன்று

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் மகளுக்குப் பதினொரு மாதம். சென்ற மாதம் கணவர், நான், அவள் மூவரும் ஆறு நாள் ஜப்பானின் கியோட்டோவுக்குப் போய் வந்தோம். திருமணமானதிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். “கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளிநாடு எதற்கு?” என்று மாமியார் கேட்டார். நான் பதில் பேசவில்லை. நாளுக்கு நான்கு இடம் என்று அட்டவணை போட்டேன்.

இரவு போய் இறங்கினோம். கூட்டம் சேர்வதற்குள் ஃபுஷிமி இனாரி கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று மறுநாள் காலை ஆறரைக்கே அவளை எழுப்பினேன். செந்நிற வாயில்கள் வரிசையாக மலையேறும் இடம் அது. சற்று தூரத்திலேயே படிகள் வந்துவிட்டன. தள்ளுவண்டியைக் கணவர் தூக்கினார். வீறிட்டு அழுதவளை நான் தூக்கினேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டதுகூட என்னைக் குத்தியது. பாதி மலையில், “உன்னால்தான் எல்லாம் கெட்டது” என்று கத்திவிட்டேன். பதினொரு மாதக் குழந்தையிடம்!

நான்காம் நாள் யாருக்கும் தெம்பில்லை. காமோ ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்தோம். ஆற்றைக் கடக்க ஆமை வடிவில் கற்கள் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அவற்றில் தாவுவதைப் பார்த்து அவள் கெக்கலித்துச் சிரித்தாள். அப்படியே இரண்டு மணி நேரம் போனது. எனக்கு மனதில் நிற்பது அது ஒன்றுதான். ஆனால், “என்னவெல்லாம் பார்த்தீர்கள்?” என்று மாமியார் கேட்டபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரியில் மலேசியாவின் பினாங்கு போகலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் மோசமான தாயா?

– கோவை வாசகி

அன்புள்ள தோழிக்கு,

முதலில் ஒரு கணக்கு. ஜப்பானின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆறரைக்கு நீங்கள் எழுப்பியபோது உங்கள் மகளின் உடம்புக்கு மணி மூன்று. கோவையில் அந்த நேரத்தில் யாராவது அவளை எழுப்பி மலையேற்றினால் விடுவீர்களா? புதிய நேரத்துக்கு உடம்பு பழக இரண்டு, மூன்று நாளாவது பிடிக்கும். நான்காம் நாள் அவள் சிரித்ததில் ஆமைகளுக்கு மட்டுமல்ல, தூக்கத்துக்கும் பங்கு உண்டு. தவிர, புது முகங்களைக் கண்டு மிரண்டு தாயை ஒட்டிக்கொள்ளும் வயதும் இதுதான்.

உங்களை வாட்டுவது வேறு என்று நினைக்கிறேன். மாமியாரிடம் சொல்லாத பதிலைத்தான் அட்டவணையாக எழுதினீர்கள். நான்கு இடமும் நான்கு சாட்சிகள். குழந்தை அழுததும் வழக்கு தோற்றுவிட்டது. மலையில் வெடித்த கோபம் அங்கிருந்து வந்தது. அவள் மேல் வந்ததல்ல. ஆற்றங்கரையைச் சொல்ல முடியாமல் போனதும் அதனால்தான், அது சாட்சியாகத் தேறாது.

ஒருமுறை கத்தியதால் நீங்கள் மோசமான தாய் ஆகிவிடவில்லை. இன்னொரு முறை குரல் உயர்ந்தால் அவளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். ஆனால் வீட்டிலும் தினமும் இந்த எரிச்சல், காரணமில்லாத அழுகை, குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கமின்மை என்றிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம்.

கணவர் என்ன விரும்பினார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டுப் பாருங்கள். நான்கு இடம் அவருக்கும் வேண்டாததாக இருந்திருக்கலாம்.

பினாங்குக்கு இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். முதல் நாளை வெறுமனே விடுங்கள். பிறகு நாளுக்கு ஓர் இடம், அதுவும் அவளுடைய காலைத் தூக்கம் முடிந்த பிறகு. பினாங்கு மலைக்கு ரயிலே ஏறுகிறது. தள்ளுவண்டியைத் தூக்க வேண்டாம். தைப்பூசத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயில் கூட்டத்தில் பெரியவர்களே திணறுவார்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. இன்று மாலை மாமியாரிடம் அந்தக் கல் ஆமைகளைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் சிரித்தாலும் சரி, முகம் சுளித்தாலும் சரி. டிக்கெட்டை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.