மகள் நித்திரையான பிறகு முக்கால் மணித்தியாலம்

கேள்வி: அண்ணை, ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி ‘ஈவ் ஒன்லைன்’ என்ற விண்வெளி விளையாட்டு விளையாடுகிறான். "அக்கா, நீயும் வா, சேர்ந்து பறப்பம்" என்று ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் கேட்கிறான். எனக்குக் கிடைப்பது மகள் நித்திரையான பிறகு, இரவு ஒன்பதரைக்குப் பின் முக்கால் மணித்தியாலம்தான். 2003இல் தொடங்கிய விளையாட்டாம். இப்போது போய்ச் சேர்ந்து நான் என்ன செய்வது? காசு கட்ட வேண்டுமா? போனில் விளையாடலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தொடங்குங்கள், தங்கச்சி. நேரம் குறைந்தவர்களுக்கு இவ்வளவு தோதான பெரிய விளையாட்டை நான் வேறு காணவில்லை. அதில் ஒரு கப்பலைச் செலுத்த அதற்குரிய பயிற்சி வேண்டும். பயிற்சிகளை வரிசையில் போட்டுவிட்டுக் கணினியை நிறுத்தலாம். நீங்கள் சமைக்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க விளையாடுகிறவர் என்பதால் ஒருவருடைய பயிற்சி வேகமாக ஓடாது.

காசு இப்போதைக்கு வேண்டாம். 2016 நவம்பரில் இருந்து ‘அல்பா’ என்ற இலவசக் கணக்கு இருக்கிறது. அதில் 50 இலட்சம் பயிற்சிப் புள்ளிகள் வரை தானாக வளரலாம். அது சில மாதங்களுக்குப் போதும். இலவசக் கணக்கின் வரிசை 24 மணித்தியாலத்துக்குத்தான். ஆகவே குறுகிய பயிற்சிகளை முன்னுக்கும் நீண்ட ஒன்றைக் கடைசியிலும் போடுங்கள். ஒரு நாள் வர முடியாமல் போனாலும் வரிசை வெறுமையாகாது.

போன் சரிவராது. போனுக்கு 2020இல் வந்த ‘ஈவ் எக்கோஸ்’ தனி விளையாட்டு, தம்பியை அங்கே காண மாட்டீர்கள். கணினியில் உள்ளதோ, சீனாவைத் தவிர உலகத்துக்கே ஒரே அண்டம். ரொறன்ரோவில் இருப்பவனும் கொக்குவிலில் இருப்பவரும் அங்கே ஒரே விண்வெளி நிலையத்தில் நிற்கலாம்.

முதல் இரண்டு கிழமையும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ‘தொழில் முகவர்கள்’ என்ற பாத்திரங்கள் தரும் வேலைகளை மட்டும் செய்யுங்கள். சுரங்கம், வியாபாரம், தேடுதல், சண்டை எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொல்லித் தருவார்கள், சின்னக் கப்பல்களும் தருவார்கள். ஒரு வேலை அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அப்புறம் ஒன்றைத் தெரிவு செய்யலாம். என்னைக் கேட்டால் தேடுதல். சுரங்க வேலை, அதாவது விண்கல் உடைப்பது, மனதுக்கு ஆறுதல்தான், ஆனால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

இனி முக்கியமான விசயம். இந்த விளையாட்டை இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை, உடைந்த கப்பல் திரும்பியும் வராது. அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு, எண் குறையக் குறைய ஆபத்துக் கூடும். என் முதல் ‘வென்ச்சர்’ கப்பலைப் பாதுகாப்பு 0.4 உள்ள இடத்தில் கல் உடைக்க விட்டுவிட்டு, கேற்றடியில் கூப்பிட்ட மாமியிடம் போனேன். முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தா, இரண்டு கதை கதைத்தோம். திரும்பி வரக் கப்பல் இல்லை. அன்று உண்மையாகவே மனம் நொந்தது. 0.5உம் அதற்கு மேலும் உள்ள இடங்களில் ‘கொன்கோர்ட்’ என்ற பொலிஸ் இருக்கிறது. ஆனால் அவர்கள் அடித்தவனைத்தான் தண்டிப்பார்கள், உங்கள் கப்பலைக் காப்பாற்ற மாட்டார்கள்.

ஆகவே மகள் அசையும் சத்தம் கேட்டாலே நிலையத்துக்குள் போய்விடுங்கள். நேரமில்லை, யாரோடும் சண்டையிலும் இல்லை என்றால் விளையாட்டை விட்டு வெளியேறினாலும் சரி, சற்று நேரத்தில் கப்பல் விண்வெளியில் இருந்து மறைந்துவிடும். பத்து நிமிடம்தான் மிச்சம் என்றால் அன்று வெளியே பறக்கவே வேண்டாம். சந்தை விலையைப் பாருங்கள், பயிற்சி வரிசையைச் சரிசெய்யுங்கள்.

2014 ஜனவரியில் நடந்ததைப் போல 21 மணித்தியாலச் சண்டைகளைப் பற்றித் தம்பி சொல்லியிருப்பான். அதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. அவனோடு பறக்க ஞாயிறு இரவை வையுங்கள். உங்கள் ஒன்பதரை அவனுக்குக் கோடையில் மதியம் 12 மணி, மாரியில் காலை 11. பாசத்தில் விலை கூடிய கப்பல் ஒன்று தர வருவான். இப்போது வாங்க வேண்டாம், ஒரு வருடம் கழித்துத் தரச் சொல்லுங்கள்.