மாமியாரின் பெயர் பேத்திக்கு ஆகாதா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம். என் மாமியாரின் பெயரான 'அகல்யா'வையே வைக்க வேண்டும் என்கிறார் மாமனார். கல்லாய்ப் போனவள் பெயர் ஆகாது என்கிறார் என் அம்மா. (மாமியாரே, "என் பேரு வேண்டாம்மா, சாபம் வாங்கின பேரு" என்றுதான் சொன்னார்.) அந்தப் பெயருக்கு உண்மையில் என்ன பொருள்? வைக்கலாமா?

பதில்: மாமியார் சொன்னதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு வரிதான். வயதான ஒரு பெண் தன் பெயரையே சாபம் என்கிறார். "அப்படியெல்லாம் இல்லை அத்தை" என்று நீங்கள் மறுத்ததாக எழுதவில்லை. உங்கள் அம்மாவின் கட்சிக்கு இன்னொரு ஓட்டு விழுந்ததாக எடுத்துக்கொண்டீர்கள். தப்பும்மா.

'ஹல' என்றால் கலப்பை. உழப்படாத நிலம் போன்றவள் அகல்யா என்பது ஒரு பொருள். வால்மீகி ராமாயணத்தின் உத்தரகாண்டம் 'ஹல' என்பதற்கு விகாரம் என்று பொருள் சொல்கிறது. துளிக் குறையும் இல்லாமல் படைத்ததால் பிரம்மா இட்ட பெயராம். மீமாம்சை அறிஞர் குமாரில பட்டரோ அகல்யாவை இரவு என்றும் இந்திரனைச் சூரியன் என்றும் விளக்கினார். எதிலும் கல் இல்லை. இந்தப் பெயரில் 'கல்' கேட்பது தமிழ்க் காதுக்கு மட்டும்தான்.

கதையிலும், வால்மீகியின் பாலகாண்டத்தில் அவள் கல்லாகவில்லை. காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தவம் செய்கிறாள். சாபம் தீர்ந்ததும் ராமனும் லட்சுமணனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். ஆமாம், அவர்கள்தான் அவள் காலை! கல்லாய்க் கிடந்து, ராமனின் பாதத்துகள் பட்டு எழுவது நாம் கேட்டு வளர்ந்த கம்பன் வழி. அந்தக் கம்பனும் 'நெஞ்சினால் பிழைப்பிலாள்' என்று சொல்லித்தான் அவளைக் கணவனிடம் சேர்க்கிறான். காலையில் நினைக்க வேண்டிய ஐந்து கன்னியரைச் சொல்லும் சுலோகம் அகல்யா பெயரில்தான் தொடங்குகிறது. மாளவத்தை ஆண்டு, காசி விசுவநாதர் கோயிலை மீண்டும் எழுப்பிய அகல்யாபாய் ஹோல்கருக்கும் இதே பெயர்தான்.

இதையெல்லாம் உங்கள் அம்மாவிடம் அப்புறம் சொல்லலாம். முதலில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே பேரன், பேத்தி ஆயின. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதுதான் அந்த உறவுக்குப் பொருள். எல்லாம் கேட்ட பிறகும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் பெயர், அவர் முடிவு.

சம்மதித்தால் இரண்டு காரியம். மாமியார் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்டக் கூசும். அதனால் வீட்டில் கூப்பிட ஒரு செல்லப்பெயர் வையுங்கள். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் 'க'வுக்கு எச், ஜி, கே என்று ஆளுக்கொன்றாக எழுதுவார்கள். மூலச் சொல்லுக்குப் பொருந்துவது எச். அதையே சான்றிதழ், ஆதார், பள்ளி எல்லாவற்றிலும் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்.

பெயர் சூட்டும் நாளில் குழந்தையை அகல்யா பாட்டியின் மடியில் போடுங்கள். காதில் மூன்று முறை அவரே சொல்லட்டும்.