எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, வீட்டாருக்கும் விருந்தாளிகளுக்கும் முன்போல ரசித்துச் சமைக்க முடியுமா? ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது?

தாராளமாக முடியும். ஆனால் சமைக்கிறவருக்குச் சிக்கல் சாப்பாட்டுத் தட்டில் வருவதில்லை, அடுப்படியில்தான் வருகிறது. உப்புப் பார்க்க ஒரு கரண்டி, வெந்ததா என்று ஒரு துண்டு, பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை. ஸ்லீவ் முறையில் (இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்குவது) இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். தொடக்கத்தில் மீதியில் 100 முதல் 150 மி.லி. வரைதான் பிடிக்கும். பைபாஸில் (இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை அமைத்து நேராகக் குடலோடு இணைப்பது) பை இன்னும் சிறியது, ஏறக்குறைய 30 மி.லி. சமைக்கும்போதே நாலு வாய் உள்ளே போனால், உட்கார்ந்து சாப்பிட வேண்டிய புரதத்துக்கு இடமில்லை. அதனால் முதலில் உங்கள் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து அடுப்பைப் பற்றவையுங்கள். வயிறு நிறைந்திருந்தால் கை தானாகப் பாத்திரத்துக்குள் போகாது.

ருசி பார்ப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. அறுவைக்குப் பிறகு பலருக்கு நாக்கே மாறிவிடுகிறது, குறிப்பாக இனிப்பு சட்டென்று திகட்டும். அந்த நாக்கை நம்பிப் போட்டால் பாயசம் சப்பென்று இருக்கும், சாப்பிட்டவர்கள் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆகவே கைக்கணக்கை விட்டுவிட்டு, ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். ஒரு லிட்டர் சாம்பாருக்கு 11-12 கிராம் உப்பு (சோறு உப்பில்லாமல் இருப்பதால் சற்றுத் தூக்கலாக), ரசத்துக்கு 8-9 கிராம், அரைக் கிலோ காய்ப் பொரியலுக்கு 5 கிராம் என்று தொடங்கி, உங்கள் வீட்டு ருசிக்கு ஒன்றிரண்டு கிராம் கூட்டிக் குறைத்து எழுதி வையுங்கள். கல் உப்பைக் கரண்டியால் அளந்தால் ஏமாற்றிவிடும். கற்களுக்கு இடையே காற்று இருப்பதால் அதே கரண்டிக்குத் தூள் உப்பைவிட எடை குறைவு. சேமியா பாயசத்துக்கு ஒரு லிட்டர் பால், 100 கிராம் சேமியா, 130 கிராம் சர்க்கரை. இரண்டு முறை அளந்து செய்துவிட்டால் மூன்றாம் முறை நாக்கு தேவைப்படாது.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் கால் டீஸ்பூன் தட்டில் விட்டு, ஆறவைத்து, நாக்கில் பரப்பிப் பார்த்துத் துப்பிவிடலாம். கொதிக்கக் கொதிக்க நக்கிப் பார்த்தால் உப்பு சரியாகத் தெரியாது. வீட்டில் யாராவது இருந்தால் அந்த வேலையை அவரிடமே கொடுங்கள். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: பாகு, பாயசம், அல்வா இரண்டு மூன்று கரண்டி போனாலே 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். முறுக்கு, மிக்சர், வறுத்த முந்திரி வேறு ரகம். மென்றால் கரைந்து நழுவி இறங்கிவிடும், வயிறு நிறைந்ததாகவே தெரியாது. தாளிக்கும்போது வாயில் போடும் பத்து முந்திரியில் 90 கலோரி அளவு இருக்கிறது. எடை மறுபடி ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான், விருந்துச் சாப்பாட்டால் அல்ல.

உங்களுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், அது சீக்கிரம் அலுத்துவிடும். ஒரே பாத்திரத்திலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சாம்பாருக்கு வேகவைத்த பருப்பில் புளியும் மிளகாய்த்தூளும் சேருமுன் அரைக் கிண்ணம். மீன் குழம்பில் முள் நீக்கிய மெதுவான ஒரு துண்டு. கோழியில் நெஞ்சுக் கறியைவிடத் தொடைக் கறி. உலர்ந்த நெஞ்சுக் கறியும், குழைந்து பசையான சோறும், மாவு கனத்த சப்பாத்தியும் சிக்கிக்கொண்டு நெஞ்சு வலிக்கும், நுரைநுரையாக எச்சில் வரும். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், கீரைத்தண்டு ஆகியவற்றை விழுங்கவே கூடாது. ஜீரணமாகாத நார் சேர்ந்து உருண்டையாகி அடைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் கெட்டி உணவுக்கு அனுமதி வந்த பிறகு. அதற்கு முன் திரவம், கூழ், மென்மையான உணவு என்று உங்கள் மருத்துவமனை கொடுத்த வரிசைதான் சட்டம்.

முதல் மாதம் பலருக்கு வெங்காயம் வதக்கும் வாசனையும் மீன் வாடையுமே குமட்டும். பொரியல், வறுவலை வேறொருவரிடம் விட்டுவிட்டு, இட்லி, ஆவியில் வேகும் கொழுக்கட்டை, குக்கர் சாதம் என்று புகை எழாத சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். துளைவழி அறுவைதானே என்று நினைத்து கிரைண்டர் கல்லைத் தூக்குவதும், பெரிய பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பதும் நான்கு முதல் ஆறு வாரம் வரை கூடாது. தையலிட்ட இடத்தில் குடலிறக்கம் வர அது போதும்.

விருந்தாளி வந்தால் பரிமாறுகிற இடம் உங்களுக்கு வசதிதான், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நின்றபடியே வேலையை முடித்தால் கடைசியில் பாத்திர மிச்சம் வாய்க்குள் போகும். பந்தியின் இறுதியில் சின்னக் கிண்ணத்தோடு உட்காருங்கள். ‘நீங்க சாப்பிடலையா?’ என்ற கேள்விக்கு அந்தக் கிண்ணமே பதில். இன்னொன்று, தான் சாப்பிட முடியாத ஆசையை அடுத்தவர் இலையில் கொட்டுகிற பழக்கம் பலருக்கு வருகிறது. பெரியவர் ஒருவருக்கு 75 முதல் 100 கிராம் அரிசி போதும், இனி உங்கள் பங்கைக் கழித்தே உலையில் போடுங்கள். மிச்சத்தைச் சாப்பாடு முடிந்த கையோடு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அடுப்புச் சூட்டில் நீர்ச்சத்து வேகமாகக் குறையும், மொத்தமாகக் குடித்து ஈடுகட்டவும் முடியாது. பக்கத்தில் பாட்டில் வைத்து மிடறு மிடறாகக் குடியுங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டராவது சேர வேண்டும், ஆனால் சாப்பிடும்போது குடிக்க வேண்டாம். நின்று சமைக்கும்போது அடிக்கடி கண் இருட்டினால் பழைய ரத்த அழுத்த மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ இப்போது உங்களுக்கு அதிகமாகிவிட்டிருக்கலாம். எடை இறங்க இறங்க அளவை மாற்ற வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேளுங்கள். தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி தொடர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.