மாட்டுக்குப் போகும் தயிர்சாதம்

கேள்வி: கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. வயது 36. மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டு, பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. ராத்திரி ஒரு மணிக்கு விடும் இடைவேளையில் நண்பர்களோடு நாலுவழிச் சாலைக் கடையில் நாலு பரோட்டா சாப்பிடுவேன். மூன்று மணிக்கு மேல் நின்றபடியே கண் சொக்குகிறது. அஞ்சு மணிக்கு டீ குடித்தால்தான் தெளிகிறது. (மனைவி கட்டித் தரும் தயிர்சாதத்தைத் தெருமுனை மாட்டுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பாவம், வருத்தப்படக் கூடாதே.) தூக்கம் வராமலிருக்க என்ன சாப்பிடலாம்?
- திருமங்கலம் வாசகர்

பதில்: தம்பி, அந்த அடைப்புக்குறியைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

ராத்திரி ஒரு மணிக்குள் புளித்துவிடக் கூடாது என்று தயிரைக் குறைத்து, பாலை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, மூடியில் ஊறுகாய் வைத்துக் கொடுக்கிறார் அந்தப் பெண். காலையில் காலி டப்பாவை விளக்கும்போது, மனுஷன் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். வருத்தப்படக் கூடாதாம்! திட்டு வாங்க உங்களுக்குப் பயம். அதற்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, வயிற்றுக்கு வருகிறேன். விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான் உடம்புச் சூடு மிகவும் இறங்கும். பட்டினி கிடந்தாலும் அந்த அசதி வரும். எதைத் தின்றாலும் அதை முழுசாக விரட்ட முடியாது, கூட்டாமல் இருக்கலாம். நீங்களோ அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மைதாவும் எண்ணெயும் சால்னாவுமாக வயிற்றை அடைக்கிறீர்கள். பகலில் தாங்குகிற சர்க்கரையை உடம்பு இரவில் தாங்காது. 2021இல் அமெரிக்காவில் ஆட்களை இரவு ஷிப்டு போலவே விழித்திருக்க வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. மதுரை தூங்கா நகரமாக இருக்கட்டும், சர்க்கரையை அடக்கும் உங்கள் கணையமுமா தூங்காது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டப்பா நிறையத் தயிர்சாதத்தை ஒரு மணிக்குச் சாப்பிட்டாலும் கண் சொக்கத்தான் செய்யும். இது உங்கள் மனைவிக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? டப்பாதான் தினமும் காலியாக வருகிறதே. நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்றைக்கோ சமையலை மாற்றியிருப்பார். சோற்றை எட்டரை மணிக்கு வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். டப்பாவில் ஒரு கை சுண்டல், அவித்த முட்டை போதும். பசித்தால் ஒரு மணி இடைவேளையில் அதைத் தின்னுங்கள். அப்புறம் தண்ணீர், உப்புப் போட்ட மோர். நண்பர்களோடு கடைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் டப்பாவைத் திறங்கள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும்.

டீயை இரண்டு மணியோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும், தூக்கத்தை விரட்டும் அதன் காபீனில் பாதி உடம்பில் இருக்கும். அஞ்சு மணி டீயோடு போய் எட்டு மணிக்குப் படுத்தால் எங்கே தூக்கம் வரும்? பகல் தூக்கம் கெட்டால் அடுத்த ராத்திரியும் இதே கதைதான். டீ இல்லாமல் ஆறு மணிக்குக் கண் கட்டினால் மில்லிலேயே இருபது நிமிஷம் படுத்து எழுந்து வண்டியை எடுங்கள். அது லாரி ஓடுகிற சாலை.

இன்று எட்டரைக்குச் சாப்பிட உட்காரும்போதே மாட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார். திட்டட்டும்.